ஐந்து நாள் அமாவாசை

கண் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

சொட்டு மருந்து விடுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஊசியைக் கொதிக்கவைத்துக் குத்திக்கொண்டிருந்த காலத்து ஆள். ஆகவே அந்தப் பாடங்களை உங்கள் டீச்சர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதற்குமேல் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும். என்னைத் திட்டத் தோன்றினால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கண் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். அநேகமாக எல்லாவற்றிலும் வயதானவர்கள். அந்தக் காலத்தில் கண்ணுக்குள் கத்தி பட்டாலும் அடி பட்டாலும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்பதால் நல்ல கண்ணுக்கும் சிறைவாசம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த வார்டுக்குள் போனால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே வெள்ளைக் கட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு ஊர். ஒருவர் ஏரோட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் என்றோ செத்துப்போன தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார். வயதானவர்களின் கண்ணை மூடிவிட்டால் இரண்டாம் நாளே பகல் எது, இரவு எது என்பது கழன்றுவிடும். மனம் தனக்குத் தெரிந்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடும். நான் கட்டில்களுக்கு இடையே மெதுவாகப் போவேன், யாருடைய கனவிலும் இடித்துவிடக் கூடாதே என்று. அந்த வார்டை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கேதான் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். பட்டு நெய்கிறவர், அறுபத்தைந்து வயது இருக்கும். வலது கண்ணைச் சிறு வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில்தான் அடி. கருவிழிக்குப் பின்னால் டம்ளரில் ஊற்றியது போல ரத்தம் பாதி அளவுக்குத் தேங்கி நின்றது. கையைப் பிடித்து அழைத்துவந்தவர் அவருடைய மனைவி தனபாக்கியம்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"மாடு முட்டிடுச்சிங்க," என்றார் ஏகாம்பரம்.

நான் எழுதிக்கொண்டேன். தனபாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் டாக்டரின் பெயர் வேண்டாம். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். பரிசோதித்து முடித்து, என்னைத் தனியே கூப்பிட்டார். "அஞ்சு நாள் தலை அசையக் கூடாது. ரத்தம் தானா வடியணும். நடுவுல மறுபடி கசிஞ்சா இந்தக் கண் இல்ல. இவருக்கு வேற கண்ணும் இல்ல, சிஸ்டர்." தூக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும், வேண்டாம் என்றுவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் முசரவாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். கதிரடிக்கும்போது நெற்கதிர் கீறி ஒரு கண்ணில் மேலோட்டமாகப் புண். அந்தக் கண்ணை மட்டும் கட்டியிருந்தோம். மற்றக் கண்ணும் வாயும் முழு நேர வேலையில் இருந்தன. புது ஆள் வந்து படுத்ததும் விசாரணை தொடங்கிவிட்டது.

"எந்த மாடுபா? கொம்பு மாடா, மோழையா?"

"கொம்பு இருக்குது," என்றார் ஏகாம்பரம்.

"வெள்ளையா, செவலையா?"

"இருட்டா இருந்துது. பாக்கல."

"காலையில பத்து மணிக்கு முட்டுச்சின்னு இப்போதான சொன்ன, அப்போ இன்னாபா இருட்டு?"

நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு உடனே பிடிபட்டது, படித்துப் பட்டம் வாங்கிய எனக்குப் பிடிபடவில்லை. வயதானவர்கள் அடிபட்ட காரணத்தைச் சொல்லும்போது காயத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்பவர் முகத்தையும் பாருங்கள். யாரையோ காப்பாற்றுவதற்காகவே பாதிக் காரணங்கள் சொல்லப்படுகின்றன.

இரண்டாம் நாள் பிற்பகல் அவர் நெய்ய ஆரம்பித்தார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. போர்வைக்குக் கீழே இரண்டு பாதமும் மாறி மாறி அமுங்கின. பிறகு கைகள் எழுந்தன. வலது கை எதையோ எறிந்தது, இடது கை எதையோ இழுத்து அடித்தது. உதடு கணக்குப் போட்டது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? இல்லாத தறியில் இல்லாத பட்டு வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது அவர் தோள் அசைந்து, ஒரு மணல் மூட்டை கீழே விழுந்தது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஐயா, அசையாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க."

"முந்தானை ஏறிக்கினு இருக்குதும்மா. இப்போ நிறுத்தக் கூடாது," என்றார் மரியாதையாக. நிறுத்தவில்லை.

கையைப் பிடித்தால் கால் போகும், காலைப் பிடித்தால் தோள் வரும். வார்டில் நான் ஒருத்திதான். காலையில் ஆபரேஷன் ஆன மூன்று பேர் எதிர்வரிசையில் கிடந்தார்கள், ஒருவர் வாந்தி வருகிறது என்று முனகிக்கொண்டிருந்தார். தனபாக்கியம் கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். கையைக் கட்ட வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். நான் கேட்கவில்லை. கட்டுத்துணியைக் கிழித்து, அவருடைய இரண்டு மணிக்கட்டையும் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு எதிர்வரிசைக்குப் போனேன்.

ஐந்து நிமிடம் அமைதி. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

"யாரோ கையைப் புடிச்சிக்கினாங்க. தனம், கழியை வுட்டுடாத. தனம், கழியைப் புடி."

திரும்பிப் பார்த்தபோது அவர் தலை தலையணையை விட்டு எழுந்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்க இரண்டு கையையும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலோடு ஓடினேன். வெட்டி முடித்து நிமிர்ந்தால், வாசலில் தனபாக்கியம் கஞ்சித் தூக்கோடு நிற்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

கண் வலிக்கிறது என்றார் ஏகாம்பரம். டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். பழைய கறுப்பு ரத்தத்துக்குமேல் புது ரத்தம் பளிச்சென்று நின்றது.

"எப்படி?" என்றார் டாக்டர்.

"அவரா அசைஞ்சுட்டார், டாக்டர்," என்றேன்.

முழுப் பொய் அல்ல. அதனால்தான் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. தனபாக்கியம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்தார்.

"இன்னையிலேர்ந்து புதுசா அஞ்சு நாள் எண்ணுங்க," என்றார் டாக்டர். "இன்னொரு தடவைன்னா ஒண்ணும் மிஞ்சாது."

அன்று சாயங்காலம் குழாயடியில் தனபாக்கியம் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"மாடு இல்ல நர்சம்மா. நான்தான்."

நெய்த சேலையைச் சுற்றி வைக்கும் உருளை மரத்தை அவ்வப்போது ஒரு கழி செருகி இறுக்க வேண்டுமாம். முப்பது வருஷமாக அதைப் பிடித்து இறுக்குவது தனபாக்கியத்தின் வேலை. அன்று கை வழுக்கியது. கழி தெறித்து அவர் கண்ணில் அடித்தது.

"புள்ளைங்க என்னை ஏசுவாங்கன்னு, ஓடியாந்தவங்க கிட்ட மாடுன்னு சொல்லிட்டாரு. எங்க தெருவுல மாடே இல்ல நர்சம்மா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்தக் கண்ணும் போச்சின்னா, காலம்பூரா என் கையைப் புடிச்சிக்கினுதான நடப்பாரு? அந்தக் கையை நான் எப்படிக் குடுப்பேன்?"

அவர் கணவருடைய கண்ணில் இப்போது என் கையும் இருந்தது. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

"கையைக் கட்டாதீங்க. எங்கிட்ட வுடுங்க," என்றார்.

மறுநாள் பிற்பகல் மறுபடி பாதங்கள் அமுங்க ஆரம்பித்தன. இந்தத் தடவை நான் கையைப் பிடிக்க ஓடாமல் பாதத்தைக் கவனித்தேன். அதில் ஒரு தாளம் இருந்தது. எங்கேயோ கேட்ட தாளம். எங்கள் பின்பக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெரு. அங்கேயிருந்து தறிச் சத்தம் நாளெல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும். மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காது அதற்குச் செவிடாகிவிட்டிருந்தது. கட்டுக்குப் பின்னால் கிடந்தவருக்கோ உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் நின்றது. கால்கள் நிற்கவில்லை.

தனபாக்கியம் அவர் காதருகே குனிந்தார்.

"இன்னாங்க. இன்னைக்கு அமாவாசை."

எறியப்போன கை அந்தரத்தில் நின்றது.

"அமாவாசையா?"

"ஆமா. யாரும் தறியில உக்காரல. சத்தம் கேக்குதா பாருங்க."

அவர் கேட்டார். அப்படி ஒரு கவனத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை, அதுவும் பாதி முகம் கட்டுக்குள் இருக்கும்போது. "கேக்கல," என்றார். கை மெல்ல இறங்கி மார்பின்மேல் படுத்துக்கொண்டது. பாதங்கள் அடங்கின.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. அமாவாசையன்று காஞ்சிபுரத்து நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருந்தேன், என் நோயாளிகளின் லீவு நாள் எதுவென்று கேட்டுவைக்கவில்லை. பௌர்ணமி கழிந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அமாவாசையா? இன்னைக்கா?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. தனபாக்கியம் திரும்பி முசரவாக்கத்துக்காரரைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண் எங்கள் இருவரையும், சாத்திய ஜன்னலையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

"அட ஆமா, அமாவாசைதான்," என்றார் அவர். "எனக்கே மறந்துபோச்சிபா."

பொய் சொன்னால் அதோடு முடிகிறதா? கஞ்சி கொண்டுபோனபோது ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை. அமாவாசையில் காக்காய்க்குச் சோறு வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்கிறார். பட்டினி கிடந்தால் தலை சுற்றும், குமட்டும், வாந்தி எடுத்தால் கண்ணில் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பக்க ஜன்னல் கட்டையில் நான் ஒரு பிடி சோறு வைத்தேன். காக்காய் வந்து கத்தும்வரை அவர் காத்திருந்து கேட்டார். கேட்ட பிறகு வாயைத் திறந்தார். சீருடையும் தொப்பியுமாக நின்று "கா, கா" என்று நான் அழைத்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அவருக்கு நேற்று என்று ஒன்று தங்கவில்லை. மறுநாள் பாதங்கள் அசைந்தன, மறுநாளும் அமாவாசை. அதற்கு மறுநாளும். ஜன்னல் சாத்தியிருந்ததால் வார்டில் அரையிருட்டும் புழுக்கமும். தனபாக்கியம் அவருடைய கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டின்மேல் தன் கையை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். விசிறிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். எல்லாக் கட்டில்காரர்களும் சேர்ந்து ஒரே அமாவாசைக்குள் போய்விட்டார்கள். ஏரோட்டுகிறவர்கூட மாட்டை அவிழ்த்துவிட்டார். மூன்றாம் நாள் வேலை முடிந்து தெருவில் இறங்கியபோது தறிச் சத்தம் காதில் விழுந்தது. அமாவாசையும் அதுவுமாக இது யார் நெய்கிறது என்று ஒரு கணம் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

நான்காம் நாள் டாக்டர் வந்தபோது ஜன்னலில் ஐந்தாறு காக்காய்கள் உரிமையோடு உட்கார்ந்திருந்தன. அவற்றை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். குழப்பம் இருக்கிறதா என்று அறிய, "இன்னைக்கு என்ன கிழமை, பெரியவரே?" என்று கேட்டார்.

"கிழமை தெரியாதுங்க. அமாவாசை."

டாக்டர் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். கலையாத போர்வையையும், அசையாத மணல் மூட்டைகளையும் பார்த்தார். "அப்போ அமாவாசையாவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்கு மட்டும் அந்த அமாவாசையில் ஓய்வில்லை. தினமும் அவருடைய கேஸ் ஷீட்டைத் திறப்பேன். 'நோயாளி தானாக அசைந்ததால்' என்று என் கையெழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே என் இனிஷியல். திறப்பேன், காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுவேன், மூடிவிடுவேன். டாக்டர் எதுவும் சந்தேகிக்கவில்லை, தனபாக்கியம் வாய் திறக்கவில்லை, கண் பிழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை கட்டை அவிழ்க்க டாக்டர் உட்கார்ந்தார். பஞ்சை எடுக்கும்போது ஏகாம்பரம் பேசினார். குரல் தெளிந்திருந்தது.

"இந்த மாசம் அமாவாசை ரொம்ப நீளம்டி, தனம்."

எப்போது தெளிந்தது, எந்த அமாவாசையிலிருந்து தெரிந்தே படுத்திருந்தார், யாருக்குத் தெரியும். தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முசரவாக்கத்துக்காரர் இருமினார்.

கட்டுப் பிரிந்தது. ரத்தம் அடியில் ஒரு மெல்லிய கோடாக வடிந்திருந்தது. ஏகாம்பரம் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்.

"எத்தனை விரல்?"

"மூணு."

"இப்போ?"

"ரெண்டு. உங்க மோதிரம் தெரியுதுங்க."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாளுக்கு முன் கட்டுத்துணியைக் கட்டிய அதே சட்டம்.

"என் விரலைத் தொடுங்க பார்ப்போம்," என்றார் டாக்டர். ஏகாம்பரம் கையை நீட்டினார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலமாக ஒரு வளையம். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு போன்றது, எதையும் மறக்காது. இரண்டாவது கையிலும் அதே வளையம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனபாக்கியம் ஐந்து நாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, மூடிக்கொண்டும் இருந்திருக்கிறார். எனக்காக.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

ஏகாம்பரம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அந்த ஒற்றைக் கண், அடிபட்ட பிறகு முதல் முறையாக, நிதானமாக என் முகத்துக்கு வந்தது.

"அதுவும் அந்த மாடுதாங்க," என்றார். "கயிறு சுத்திக்கிச்சு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இல்ல டாக்டர். நான்தான் கட்டினேன். உங்களைக் கேக்கல. கட்டினதாலதான் அவர் இழுத்தார், அதனாலதான் ரெண்டாவது தடவை ரத்தம் கசிஞ்சது. அவரா அசைஞ்சுட்டார்னு நான் சொன்னது பொய்."

டாக்டர் பேனாவை என்னிடம் நீட்டினார். "கேஸ் ஷீட்ல எழுதுங்க," என்றார். எழுதினேன். அப்புறம் மேலிடத்திலிருந்து எனக்கு வந்தது வந்தது, அதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதி முடித்ததும், பின்பக்க ஜன்னலை நானே போய்த் திறந்தேன். தறிச் சத்தம் உள்ளே வந்தது. ஏகாம்பரத்தின் பாதங்கள் அசையவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டு மாதம் தறிக்குப் போகக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லி வாசல்வரை கூடவே போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசலில் நின்றேன். ஐந்து நாளும் வராத வார்த்தை அப்போதும் வரவில்லை. தனபாக்கியம் படியில் இறங்குவதற்காகக் கையை நீட்டினார். ஏகாம்பரம் அதைப் பிடித்துக்கொண்டார், கண் தெரிந்தும். ஒரு படி இறங்கி நின்று, எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

"அந்த மாட்டை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. அது வேணும்னு முட்டல."